ஐந்து நொடிக்கு ஒரு குறி

டிக். அசைகிறது. அ. டிக். அசைகிறது. அ. காதில் மாட்டியிருக்கிற இயர்போனில் ஐந்து நொடிக்கு ஒருதரம் இந்தச் சத்தம் வரும். வந்த அதே கணத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் இருக்கிற எலி அசைகிறதா நிற்கிறதா என்று பார்த்துக் கட்டத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். அசைந்தால் அ, நின்றால் நி. நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை, மூச்சைத் தவிர எதுவும் ஆடக் கூடாது, மீசைகூட. ஓர் எலிக்கு ஐந்து நிமிடம், அறுபது கட்டம். பத்தாவது வரைக்கும் கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு இந்த ரெண்டு எழுத்து போதும் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். ஊரில் கேட்டால் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்பேன், என்ன ஆராய்ச்சி என்றால் எலி என்பேன், அதோடு கேட்டவர் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மெர்சி அக்காதான் விடமாட்டாள். "ஏன் பொற்கொடி, எங்க வீட்டுலயும் ஒண்ணு ராத்திரி முழுக்க ஓடுது, அதுக்கும் ஒரு பரீட்சை வச்சு பாஸ் போட்டு அனுப்பி விடேன்" என்பாள். டிக். அ. இன்றைக்கு மனசு இதில் இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் அண்ணி என் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, துறையூர்ப் பக்கம் இருக்கிறார்கள். பாப்பா பெயர் தன்ஷிகா, எனக்குத் தனு, மூன்று வயது முடிந்து நாலு மாதம். ஆறு மாதம் அங்கே இருக்கட்டும், அங்கேயே பால்வாடியில் போட்டுவிடுகிறேன் என்று அண்ணி சொன்னார்கள், அவர் சரி என்றார், நான் அவள் ஃபிராக்குகளை மடித்து வைத்தேன். நீ வீட்டில் இருந்தால் அழுவாய், அவளும் அழுவாள், நீ வேலைக்குப் போ, நான் இன்றைக்கு வண்டியில் லோடு எடுக்காமல் இருந்து பஸ் ஏற்றி விடுகிறேன் என்றார் அவர். வந்துவிட்டேன். சுவரில் மணி பதினொன்று இருபது. டிக். அ. இந்த எலி நல்லாயிருக்கிறது, மூலைக்கு மூலை மோந்துகொண்டு திரிகிறது, புது வீட்டுக்குக் குடிவந்த பொம்பளை மாதிரி. அ.

புது வீடுதான் காரணம் என்கிறார்கள். பழைய வீட்டில் ஒழுகுகிறது என்று இங்கே வந்து ரெண்டு மாதம் ஆகிறது. முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கூடத்தைத் துடைத்துவிட்டு அடுப்படி ஜன்னல் வழியாக மெர்சி அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் மீசைக்கு மை போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போய், காலையில் தலையணை உறையில் இன்னொரு மீசை ஒட்டியிருந்த கதை. சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால் தனு நடுவில் நிற்கிறாள். கையில் பால் டம்ளர். டம்ளர் சாய்ந்து பால் ஒழுகி அவள் காலில் வழிந்து தரையில் ஓடுகிறது, அவள் குனியவில்லை. கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற சுவரைப் பார்க்கிறாள். தனு என்றேன். தனுக்குட்டி என்றேன். தோளைப் பிடித்தால் கட்டை மாதிரி இருக்கிறது. கழுத்துக்குழி மட்டும் படக் படக் என்று அடிக்கிறது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி, "அம்மா, பால் கொட்டிருச்சு" என்கிறாள். ரெண்டாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அடுப்படியில் தங்கச்சியோடு போனில் இருந்தேன், அதே கூடம், அதே சுவர். மூன்றாவது போன ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு நான் துடைக்கிற நாள் இல்லை, அண்ணி வருகிறார்களே என்று துடைத்தேன். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து அவர்கள் ஊர் பஞ்சாயத்துக் கிளார்க் கொட்டாவி விடுவதை நடித்துக் காட்டினார்கள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அண்ணிதான் முதலில் எழுந்து கூடத்துக்குப் போய்ப் பார்த்தது. "கொடி, இங்க வாடி." அந்தக் குரல். "இவளப் பாரு. கண்ணு மேல போகல, வாயில நுரை இல்ல. இது காக்கா வலிப்பு இல்லடி. இந்தச் சுவத்துல என்னமோ இருக்கு, புள்ள அதப் பாக்குது." டாக்டரிடம் முன்னமே காட்டியாயிற்று, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு வலிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, பயந்திருக்கலாம், கவனித்துப் பாருங்கள் என்றார். எதைப் பார்த்துப் பயந்தாள்? நான் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அந்தச் சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பொத்தென்று இருந்த இடமும் கெட்டியாக இருந்த இடமும் எல்லாச் சுவரிலும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு காதை வைத்தேன். என் காதுக்குள் ஓடுகிற என் ரத்தமா அது, இல்லை வேறா? சட்டென்று எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகு காட்டி நான் உட்காருவதில்லை. டிக். அ. டிக். அ. அறுபது. ஓர் எலி முடிந்தது.

அடுத்தது பதினாலாம் நம்பர். வாலடியில் பச்சை மையில் நம்பர் இருக்கும், டெஸ்டுக்கு வேண்டிய எலிகளைக் காலையிலேயே கூண்டோடு இங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், நான்தான் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வருவேன், கையுறைக்குள் அதன் நெஞ்சு துடிப்பது தெரியும். மேகலா மேடம்தான் பெட்டியைத் துடைத்து வைக்கிறார்கள். சின்னப் பெண், இருபத்தேழு வயசு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது, என்னை அக்கா என்று கூப்பிடும். பெட்டி ரெண்டு. முதல் பெட்டியில் கம்பித் தரை, ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. அதில் எலியை ஒருநாள் விட்டு, காலில் சுள்ளென்று சின்னதாக ஒரு ஷாக். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் ஷாக்கே இல்லாமல் எலி உறைந்து நிற்கும். ரெண்டாவது பெட்டியில் வழவழ தரை, வளைந்த சுவர், எலுமிச்சை வாசனை லிக்விட் போட்டுத் துடைப்பது. அதில் விட்டால் நிற்காது, திரியும். இடம் வேறு என்று அதற்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்குத்தான் மேடம் படம் காட்டியது. மூளைக்கு அடியில், ரெண்டு காதுக்கும் உட்பக்கம், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒன்று, ஹிப்போகேம்பஸாம். "ஏன் மேடம், குதிரையும் இல்ல, எலியும் இல்ல, நடுவுல இது யாரு?" என்றேன். சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தது. இந்த மூலைக்கு வந்தால் இந்த செல் மட்டும் பேசும், அந்த மூலைக்குப் போனால் இது அடங்கி அது பேசும், இப்படி வீடு, ரோடு, கடைத்தெரு எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு வரைபடம் தானாக எழுதிக்கொள்ளும். சில எலிகளுக்கு அந்தக் குதிரையைக் கெடுத்துவிடுவார்கள். அவை ஷாக் வாங்கிய பெட்டியிலேயே மறுநாள் ஜாலியாகத் திரியும், இந்த இடம் என்று ஒன்று அவற்றுக்குச் சேரவே சேராது. எது கெட்டது எது நல்லது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், தெரிந்தால் என் கை பொய் எழுதுமாம். சரி, பதினாலு. ரெண்டாவது பெட்டியில் விட்டாயிற்று. டிக். அசையவில்லை. நி. டிக். நி. டிக். என்ன இது? எலுமிச்சைப் பெட்டியில் எதற்கு நிற்கிறது? இங்கே ஒன்றும் நடக்கவில்லையே இதற்கு. முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே, சுவரைப் பார்த்தபடி. நி. நி. நி. கண் திறந்திருக்கிறது. கழுத்தடியில் மட்டும் படக் படக். இந்த நிற்றலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நூறு எலி இப்படி நிற்பதைப் பார்த்து எழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் மூன்று தடவை பார்த்தபோது ஏன் தெரியவில்லை? அங்கே கண்ணாடி இல்லை, காதில் சத்தம் இல்லை, வெள்ளை மயிர் இல்லை. வேறு இடம், அதனால் எனக்கே சேரவில்லை. நி. அறுபதில் நாற்பத்தேழு நி. காகிதத்தைப் பார்த்த மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன்க்கா இது இங்க நிக்குது?" நானும் அதைத்தான் கேட்கிறேன். "சில சமயம் ஒரு நுனி போதும்க்கா. இந்த மூடி அந்தப் பெட்டி மூடி மாதிரியே இருக்கில்ல, அது போதும். மிச்சத்த அதுவே போட்டு நிரப்பிக்கும், மொத்த இடமும் எழுந்து வந்துடும். இல்லன்னா உங்க கையா இருக்கும்." என் கையா? "ஷாக் அன்னிக்கும் நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க. இடம்னா நாலு சுவர் மட்டும் இல்லக்கா. யாரு இருந்தா, என்ன வாசனை, என்ன சத்தம், எல்லாம் சேர்ந்ததுதான் இடம்." சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், வேற ஊருக்குக் கொண்டுபோனா சரியாயிடுமா மேடம்? "அங்க நிக்காது. நிக்கலைன்னா மறந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அது அப்படியே உள்ள இருக்கும், திரும்ப இங்க கொண்டுவந்தா திரும்ப நிக்கும். போகணும்னா அதே பெட்டியில மறுபடி மறுபடி விடணும், ஒண்ணுமே நடக்காம. பழசு அழியாது, அதுக்கு மேல புதுசு ஒண்ணு எழுதிக்கும்." போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டது மேடம், அதன் சாரிடம் பதினாலைப் பற்றிச் சொல்ல.

ஊரில் நிற்கமாட்டாள். அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நிற்காமல் ஓடியாடித் திரிவாள், அண்ணி போன் போட்டு, பாத்தியா, அந்த வீட்டுலதான் இருக்கு, புள்ள இங்க என்னமா இருக்கா என்பார்கள், ஆறு மாதம் ஒரு வருஷமாகும், பிறகு ஸ்கூலும் அங்கேயே. தீபாவளிக்கு இங்கே வந்து என் கூடத்தில் நிற்பாள், உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்ன நுனி? என் வீட்டில் என்ன நுனி? வெள்ளி, செவ்வாய், அந்த ஞாயிறு. துடைத்த நாள். எதைப் போட்டுத் துடைத்தேன்? எலுமிச்சை. இங்கே தேதி முடிந்துபோய் வெளியே வைத்த கேன், வாசனையாக இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று மேடத்தைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த லிக்விட் பெட்டிக்கு மட்டும்தான், மற்ற ரூமுக்கெல்லாம் வாசனை இல்லாதது. ஒரே ஒரு தடவை, வீடு மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் மாற்றிப் போட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருட்டு ரூமை எலுமிச்சையில் துடைத்துவிட்டேன். "வாசனை மாறினா அதுங்களுக்கு இடமே மாறிடும்க்கா, ஒரு வாரத்துக் கணக்கு போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது பாவம். இருட்டு ரூம் என்பது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இருநூறு எலி. எலிக்கு இருட்டில்தான் விழிப்பு என்பதால் அங்கே பகலை ராத்திரியாக்கி வைத்திருக்கிறார்கள், காலை பத்து மணிக்கு லைட் தானாக அணைந்துவிடும், ராத்திரி பத்துக்குத்தான் எரியும், ஸ்விட்ச் உள்ளே கிடையாது. நான் எப்போதும் ஒன்பதரைக்குள் துடைத்துவிட்டு வந்துவிடுவேன். கேன் ரெண்டும் ஒரே நிறம்தான், ஆனால் இரண்டு வருஷத்தில் மாற்றி எடுத்ததில்லை. அன்றைக்கு ஏன் எடுத்தேன்? அவசரம். என்ன அவசரம்? லேட்டாக வந்தேன். ஏன் லேட்? இங்கே வந்ததும் மனசு வழுக்குகிறது, மெர்சி அக்காவின் மீசைக் கதைக்குப் போகிறது, மதியத்துக்குக் கொண்டுவந்த புளிசாதத்துக்குப் போகிறது. போகாதே, இங்கேயே நில். ஏன் லேட்? பால்வாடி பூட்டியிருந்தது. ஆயாவுக்குக் காய்ச்சல். அவர் லோடு ஏற்றிக்கொண்டு கரூர் போய்விட்டார். லீவு சொல்ல முடியாது, அன்றைக்கு மேடத்துக்கு டெஸ்ட். தனு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கமாகக் கொண்டுவந்தேன். குழந்தையை உள்ளே கொண்டுவரவே கூடாது, தெரிந்தால் அன்றோடு வேலை இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத ரூம் இருட்டு ரூம்தான். அவசர அவசரமாகத் துடைத்து, தரை காய்ந்ததும் ரேக்குக்குப் பக்கத்தில் என் சால்வையை நாலாக மடித்துப் போட்டுப் படுக்க வைத்தேன், அப்போது லைட் எரிந்தது. ரேக்கில் எலிகள் எல்லாம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாக் குழந்தையும் தூங்குது என்று நினைத்துக்கொண்டுகூட வந்தேன். அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இதைப் பிறகு நான் மனசுக்குள் ஒரு வேடிக்கைக் கதையாக வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லமுடியாத பெருமையாக. என் பொண்ணு இருட்டில் இருநூறு எலியோடு அஞ்சு நிமிஷம் இருந்தாள், அழவே இல்லை, சமத்து, கதவைத் திறந்ததும் என் முட்டியிலேயே இடித்தாள், கதவோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், ஒரு சத்தம் இல்லை. ஃபிராக் ஈரமாக இருந்தது, தூக்கத்தில் போய்விட்டாள் என்று நினைத்தேன். அஞ்சு நிமிஷம். ஓர் எலிக்கு அஞ்சு நிமிஷம். அன்றைக்கு எத்தனை எலி? அந்த ஃபைல் இதோ கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. எடுத்துத் திருப்புகிறேன். தேதி. என் கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தாள். பத்து அஞ்சில் ஆரம்பித்து பத்து முப்பத்தேழு வரைக்கும். நடுவில் எலி மாற்றுகிற நேரம் வேறு. இருநூற்று நாற்பது கட்டம் நான் நிதானமாக, அழகாக, எழுத்து எழுத்தாகப் போட்டிருக்கிறேன்.

மேடம் இன்னும் போனில் இருக்கிறது. நான் எழுந்து வெளியே வந்து நடையில் பத்து அடி நடந்து இருட்டு ரூமின் வெளிக்கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திவிட்டு, உள்கதவைத் திறந்து அதையும் சாத்துகிறேன். ரெண்டு கதவு, வெளிச்சம் துளி வராது. சிவப்பு டார்ச் ஆணியில் தொங்கும், எடுக்கவில்லை. அவளிடம் டார்ச் இல்லை. கதவு சாத்தின சத்தத்துக்கு இருநூறு எலியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை, யாரோ என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி. எல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பிறகு ஒன்று பிராண்டுகிறது. பக்கத்திலிருந்து இன்னொன்று. கம்பியைக் கடிக்கிற சத்தம், உமியில் ஓடுகிற சத்தம், மேலே, கீழே, பின்னால், காதோரம். தினமும் கேட்கிற சத்தம்தான், வெளிச்சத்தில் இது எலி, இருட்டில் இது எலி இல்லை, இருட்டே பிராண்டுகிறது. ரேக்கின் ஓரத்தைத் தடவித் தடவிப் போகிறேன், சால்வை போட்ட இடம் இதுதான், குந்தி உட்காருகிறேன், அவள் உயரத்துக்கு. கண் பழகும் என்று பார்த்தால் பழகவில்லை. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், கை இல்லை. எழுந்தேன், அம்மா எங்கே என்று அவள் எழுந்திருப்பாளே அப்படி, ரெண்டு அடி வைத்தேன், திரும்பினேன், மறுபடி திரும்பினேன், இப்போது எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக வந்துபோகிற ரூம். என் தலைக்குள் இருக்கிற குதிரை எங்கே போய்த் தொலைந்தது? அப்போது சுவர் பேசியது. "இல்ல சார், ஃபோர்டீன் மட்டும்தான். இல்ல, அவங்க கரெக்டாதான் ஸ்கோர் பண்ணுவாங்க." மேகலா மேடத்தின் குரல். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, எழுத்து எழுத்தாக. மேலே காற்றுப்போக்கி இருக்கிறது, அது வழியாக. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை, எனக்குக் காதில் இயர்போன். இங்கே எல்லாம் கேட்கும். அன்றைக்கு நான் என்ன பேசினேன்? ரெண்டாவது எலிக்கும் மூன்றாவது எலிக்கும் நடுவில் ஓர் எலி மேடத்தின் துப்பட்டாவுக்குள் நுழைந்துகொண்டது, மேடம் நாற்காலி மேல் ஏறிக் குதித்தது, நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி நினைத்து மறுபடி சிரித்தேன். இந்தச் சுவருக்குள்ளிருந்து அம்மா சிரிக்கிறாள். எலுமிச்சை வாசனையில், இருட்டில், இருநூறு பிராண்டலுக்கு நடுவில், சுவர் அம்மா குரலில் சிரிக்கிறது, அம்மா வரவில்லை. அப்புறமும் சிரிக்கிறது, அப்புறமும் வரவில்லை. மெர்சி அக்கா, தங்கச்சி, பஞ்சாயத்துக் கிளார்க். துடைத்த எல்லா நாளும் அவள் நிற்கவில்லை. துடைத்த நாளில் நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தால் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் எல்லாரும் சொல்வார்கள், கொடி இருக்கிற இடம் கலகலப்பாக இருக்கும் என்று.

ஏப்ரன் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, அதன் வெளிச்சம் விழாமல் பொத்திக்கொண்டு, தடவி அவருக்குப் போட்டுக் காதோடு வைக்கிறேன். "என்ன கொடி, கிளம்பிட்டோம், அக்கா செருப்பு மாட்டுறாங்க." ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், வண்டி ஓட்டுகிறவர், அதுதான் அவருக்குப் பழக்கம். அனுப்பாதீங்க என்றேன். "என்னது?" "பாப்பாவ அனுப்பாதீங்க. வீட்டுல ஒண்ணுமில்ல, சுவத்துல ஒண்ணுமில்ல. அவ பயந்த இடம் எனக்குத் தெரியும். நான் இப்ப அதுக்குள்ளதான் நிக்கிறேன்." பின்னால் அண்ணியின் குரல், "என்னடா சொல்றா? பஸ்ஸு போயிரும்டா." சொன்னேன். பால்வாடி பூட்டியிருந்தது, சால்வை, பத்து மணி லைட், எல்லாம். கெஞ்சாமல், அழாமல், காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னேன். அண்ணி, "அடிப்பாவி" என்றார்கள், மெதுவாகத்தான். "எவ்ளோ நேரம்டி?" "அரை மணி நேரத்துக்கு மேல அண்ணி. நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்." "வேலை போயிருமே கொடி" என்றார் அவர். "போகட்டும், இப்பவே மேடத்துக்கிட்ட சொல்லப் போறேன். சொல்லிட்டு ஒண்ணு கேக்கப் போறேன். பாப்பாவ இங்க கூட்டிட்டு வரணும், லைட் போட்டு முதல்ல, அப்புறம் லைட் இல்லாம, என் மடியில வச்சுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காம உக்காந்திருக்கணும். ஒரு நாள் இல்ல, பல நாள். ஊருக்கு அனுப்பினா இது சரியாகாது, மறைஞ்சுதான் இருக்கும்." போனுக்குள் எங்கள் கூடத்தின் பேன் சத்தம் கேட்கிறது. இங்கே ஒரு எலி கம்பியை விடாமல் கடிக்கிறது, அது அங்கே போகுமே என்று அப்போதுதான் தோன்றியது. "கொடி" என்கிறார் அவர், குரல் மாறிவிட்டது. "கொடி, இவ நின்னுட்டா. போனப் பாத்துக்கிட்டு நிக்கிறா. உனக்குக் கேக்குற சத்தம் இங்கயும் கேக்குது." கட் பண்ணலாமா? கட் பண்ணினால் அவளுக்கு அம்மா மறுபடி சுவருக்குள் போய்விடுவாள். "தனு" என்றேன். "அம்மாடா. அம்மா எலி ரூம்ல இருக்கேன். இருட்டா இருக்கு. அன்னிக்கு நீ கூப்பிட்டியா? அம்மாவுக்குக் கேக்கல தங்கம், காதுல அது மாட்டியிருந்தேன். இப்பக் கேக்கும். கூப்பிடு." ஒன்றும் இல்லை. ஐந்து நொடி. நி. இன்னொரு ஐந்து நொடி. நி. என் கை இருட்டில் தானாக எழுதுகிறது. "அம்மா இங்கதான் நிக்கிறேன். எந்தப் பக்கம் போறதுன்னு அம்மாவுக்கும் தெரியல." நி. நி. அண்ணி ஏதோ முணுமுணுக்கிறார்கள், அவர் உஸ் என்கிறார். நி. பிறகு மூச்சு ஒன்று, மூக்கை உறிஞ்சின சத்தம், போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து ஒரு சின்னக் குரல், ரகசியம் சொல்கிற மாதிரி.

"அம்மா, தண்ணி சொட்டுதா?"

என்ன தண்ணீர்? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். பிராண்டல், கடி, ஓட்டம், அதற்கு அடியில், ரொம்ப அடியில், டொக். அப்புறம் நீளமாக ஒன்றுமில்லை. அப்புறம் டொக். கைகழுவுகிற தொட்டி. இரண்டு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

"சொட்டுதுடா."

"அங்கதான் கதவு" என்றாள். "எலியத் தொடாம வா. மெதுவா வா."

டொக். எனக்கு முன்னால் இருக்கும் என்று நினைத்திருந்தேன், சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். ஒரு கையை நீட்டிக்கொண்டு, அவள் சொன்ன மாதிரி மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைத்தேன். "வந்துட்டியா?" என்றாள். "வர்றேன்." "வந்துட்டியா?" நாலாவது அடியில் விரல் ஜில்லென்ற பீங்கானில் பட்டது, அதற்குப் பக்கத்தில் மரம்.

"வந்துட்டேன் தனு" என்றேன். உடனே திறக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, போனுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.